புகையில் பிறக்கும் உப்பு

தோட்ட மக்களுக்குப் புகை புதியதன்று. உறைந்த ரப்பர்ப் பாலை உருளையிலிட்டுத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, பதமான விறகுப் புகையில் சில நாள்கள் வைத்தெடுத்த தலைமுறையினர் நம்மிடையே உள்ளனர். பூஞ்சணம் பற்றாமல் ரப்பரைக் காக்கும் ஆற்றல் அப்புகைக்கு உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிவர். ஆயினும் எல்லாப் புகையும் அத்தகையதன்று. நகரத்துக் குப்பையை எரிக்கும்போது எழும் புகை, அமிலத்தையும் நச்சு உலோகங்களின் நுண்துகள்களையும் சுமந்து வருவதாகும். அதனை அவ்வாறே வானில் விட்டால் மூச்சுக்குழலை அரிக்கும். மழையோடு கலந்து பயிரையும் கூரைத் தகட்டையும் கெடுக்கும். ஆகவே குப்பை எரியாலைகளில் புகையைத் தூய்மை செய்த பின்னரே புகைபோக்கி வழியே வெளிவிடுகின்றனர்.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. புகையிலிருந்து பிரித்த அமிலம் எங்கே செல்கிறது? அது மறைந்துவிடுவதில்லை. உப்பாக உருமாறி, சாம்பலோடு கலந்து, மூட்டை மூட்டையாகத் தங்கிவிடுகிறது. அந்த உப்பைப் புதைப்பதா, கழுவிப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதா என்பது இன்று பல நாடுகளில் ஆராயப்படும் பொருளாகும். நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இக்கட்டுரையில் காண்போம்.

சிறிய தீவும் பெரிய குப்பையும்

சிங்கப்பூர் சென்று வந்தோர் சிராங்கூன் சாலையையும் தேக்கா சந்தையையும் மறந்திருக்க மாட்டார்கள். காய்கறிக் கடைகள், பூக்கடைகள், வாழையிலையில் உணவு பரிமாறும் கடைகள் என நாள் முழுதும் மக்கள் நெருக்கம் மிகுந்த இடம் அது. கடைகள் சாத்தப்படும் வேளையில் அங்கே குவியும் குப்பை எவ்வளவு என்பதையும் கண்டிருப்பீர்கள். மீந்த உணவு, நெகிழிப் பைகள், அட்டைப் பெட்டிகள், வாடிய மலர்கள் ஆகிய யாவும் அதில் கலந்திருக்கும். லிட்டில் இந்தியாவின் நிலையே நகரின் பிற வட்டாரங்களின் நிலையும் ஆகும்.

அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டரே. குப்பையைக் கொட்டிப் புதைப்பதற்குப் பரந்த நிலம் அங்கு இல்லை. ஆகவே 1979ஆம் ஆண்டில் உலு பாண்டானில் முதல் குப்பை எரியாலை தொடங்கப்பெற்றது. 1986இல் துவாஸிலும், 1992இல் செனோக்கோவிலும், 2000இல் துவாஸ் தெற்கிலும் மேலும் பெரிய ஆலைகள் எழுந்தன. முதல் ஆலையான உலு பாண்டான் 2009இல் மூடப்பட்டது. குப்பையை எரிப்பதால் அதன் பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எரியும் வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்சாரமும் பெறுகின்றனர்.

எனினும், எஞ்சும் பத்தில் ஒரு பங்குக்கும் இடம் வேண்டுமல்லவா? லோரோங் ஹலுஸ் என்னுமிடத்திலிருந்த கடைசி உள்நாட்டுக் குப்பைமேடு 1999 மார்ச் 31ஆம் நாள் மூடப்பட்டது. மறுநாளாகிய ஏப்ரல் 1 முதல் செமாக்காவ் தீவுக் குப்பை நிலம் இயங்கத் தொடங்கியது. கடலில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாறைக் கரை எழுப்பி, கசிவு ஏற்படாதவாறு நீர்புகா விரிப்பும் கடற்களிமண்ணும் இட்டு, 350 எக்டர் பரப்பில் அது அமைக்கப்பட்டது. துவாஸிலிருந்து சாம்பலை மிதவைக் கலங்களில் ஏற்றி அங்கே கொண்டு சேர்க்கின்றனர். சாம்பலும் எரிக்க இயலாத கழிவுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டன் அங்கே செல்கிறது. இந்நிலை நீடித்தால் 2035ஆம் ஆண்டளவில் அந்நிலமும் நிறைந்துவிடும் எனக் கணக்கிட்டுள்ளனர். அதற்குப் பின் இன்னொரு செமாக்காவை எங்கே தேடுவது என்பதே அந்நாட்டின் முன் நிற்கும் கேள்வியாகும்.

புகையில் அமிலம் வந்த வழி

குப்பையில் உள்ள இரு பொருள்கள் இதற்கு முதன்மையான காரணங்களாகும். ஒன்று, நாம் உணவில் சேர்க்கும் உப்பு. மற்றொன்று, பி.வி.சி. எனப்படும் நெகிழி. தண்ணீர்க் குழாய், மின்கம்பி உறை, தரைவிரிப்பு முதலியவை இதனால் செய்யப்படுகின்றன. இவ்விரண்டிலும் குளோரின் என்னும் தனிமம் உள்ளது. எரியும்போது அது ஹைட்ரஜனுடன் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகிறது. குப்பையிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. பழைய மின்கலம், வண்ணப்பூச்சு, உலோகத் துண்டு ஆகியவற்றிலுள்ள ஈயம், துத்தநாகம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றில் ஒரு பகுதி வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு கிளம்புகிறது.

எரியாலையில் இருவகைச் சாம்பல் கிடைக்கும். உலையின் அடியில் விழும் கனமான சாம்பலை அடிச்சாம்பல் என்பர். புகையோடு பறந்து சென்று வடிகட்டியில் சிக்கும் மெல்லிய சாம்பல் பறக்கும் சாம்பல் எனப்படும். அளவில் சிறியதாயினும், உப்பும் நச்சு உலோகமும் மிகுந்திருப்பது பறக்கும் சாம்பலிலேயே ஆகும்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

அமிலத்தை முறிக்கும் எளிய பொருள் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பைத் தூளாக்கிப் புகை செல்லும் வழியில் தூவுகின்றனர். கிளர்வூட்டிய கரித்தூளையும் உடன் தூவினால் அது பாதரசத்தையும், டயாக்சின் என்னும் கொடிய நச்சையும் பற்றிக்கொள்ளும். பிறகு அப்புகை நீண்ட துணிப்பைகளின் வழியே வடிகட்டப்படுகிறது. சிங்கப்பூர் ஆலைகளிலும் மின்னேற்றிய தகடுகள், சுண்ணாம்புத் தூள், துணிப்பை வடிகட்டி ஆகியவற்றைக் கொண்டு புகையைத் தூய்மை செய்து, உயர்ந்த புகைபோக்கி வழியே வெளிவிடுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. இன்றைய லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதியை அக்காலத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் ஆலயம் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே வழங்கப்பெற்றது. அருகிலுள்ள கம்போங் கபோர் என்னும் மலாய்ப் பெயருக்கும் சுண்ணாம்புக் கிராமம் என்பதே பொருள். அன்று சிங்கப்பூரின் சுவர்களை எழுப்ப உதவிய சுண்ணாம்பு, இன்று அதன் காற்றைக் காக்கும் பணியில் இருக்கிறது.

சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு என்னும் உப்பும் நீரும் உண்டாகும். கணக்கிட்டுப் பார்த்தால், 74 கிலோ சுண்ணாம்பு 73 கிலோ அமிலத்தை முறித்து, 111 கிலோ உப்பையும் 36 கிலோ நீரையும் தரும். இருபுறமும் கூட்டினால் 147 கிலோவே வரும். இக்கணக்கிலிருந்து, அமிலம் அழியவில்லை, உருவம் மாறியதே என்பது விளங்கும். நடைமுறையில் எல்லாத் தூளும் அமிலத்தைச் சந்திப்பதில்லை ஆதலால் தேவைக்கு மேல் சுண்ணாம்பு இடவேண்டியுள்ளது. அந்த மிச்சமும் கழிவோடு சேர்கிறது.

உப்பு ஏன் இடையூறாகிறது?

கடலைச் சூழ்ந்த நாட்டில் சிறிது உப்புக்கு அஞ்சுவானேன் என்று சிலர் கேட்கலாம். இடையூறு மூன்று வகையில் ஏற்படுகிறது.

முதலாவதாக, இவ்வுப்பு நீரில் எளிதில் கரையும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்க்கிறோம். கால்சியம் குளோரைடு அதைவிட விரைவாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கரையும்போது ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் தன்னோடு இழுத்துச் செல்லும்.

இரண்டாவதாக, சாம்பலைக் கட்டுமானத்திற்குப் பயன்படுத்த விடாமல் உப்பு தடுக்கிறது. கடல்மணலைக் கழுவாமல் கட்டிய வீட்டில் கம்பிகள் துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுவதைக் கண்டோர் உண்டு. உப்பு நீங்காத சாம்பலைச் சிமெண்டில் கலந்தாலும் அதுவே நிகழும்.

மூன்றாவதாக, உப்பும் மிச்சச் சுண்ணாம்பும் கழிவின் எடையைப் பெருக்குகின்றன. இடம் அருகிய நாட்டில் ஒவ்வொரு டன்னும் ஒரு சுமையே.

உப்பைப் பிரித்துத் தூய்மை செய்யும் முறை

இம்முறை ரப்பர்த் தொழிலாளர்க்கு எளிதில் விளங்கும். மங்கிலிருந்து பாலைச் சேர்த்து, தூசியும் பட்டைத் துணுக்கும் போக வடிகட்டி, அளவறிந்து அமிலம் விட்டு உறைய வைத்து, கட்டியைப் பிரித்தெடுக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே வரிசைதான் இங்கும் பின்பற்றப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர்ப் பாலில் உறைந்த கட்டியே நமக்கு வேண்டுவது. இங்கோ கட்டியாகத் திரளும் நச்சை நீக்கி, தெளிந்த நீரை வைத்துக்கொள்கின்றனர்.

முதற்படி கழுவுதல். பறக்கும் சாம்பலை நீரிலிட்டுக் கலக்கினால் உப்புகள் கரையும்; கரையாத சாம்பல் அடியில் தங்கும். குறைந்த நீரில் பலமுறை கழுவுவதே சிறந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரே முறை துணியை அலசுவதைக் காட்டிலும், அதே தண்ணீரை மூன்று பங்காக்கி மும்முறை அலசினால் அழுக்கு நன்கு நீங்குவதைப் போன்றது இது.

இரண்டாம் படி உலோகங்களைத் திரளச் செய்தல். கரைசலின் காரத்தன்மையை வேண்டிய அளவுக்குச் சரிசெய்தால் பெரும்பாலான உலோகங்கள் கரையாத துகள்களாகத் திரண்டு படியும். இதில் அளவு மிகவும் இன்றியமையாதது. ரப்பர்ப் பாலில் அமிலம் மிகுந்தால் தகடு கெடுவதுபோல, இங்கே காரம் மிகுந்தால் திரண்ட ஈயமும் துத்தநாகமும் மீண்டும் கரைந்துவிடும். எஞ்சும் உலோகத்தைப் பிடிக்கச் சல்பைடு வகை மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன.

மூன்றாம் படி நுண்மையாகத் தூய்மை செய்தல். திரண்ட துகள்களை அழுத்தி வடிகட்டிய பின், நீரைக் கரிப்படுகையின் வழியே செலுத்துகின்றனர். பிறகு அயனிமாற்றுப் பிசின் என்னும் சிறு மணிகள் நிறைந்த கலத்தின் வழியே விடுகின்றனர். அம்மணிகள் கரைசலில் மிஞ்சியுள்ள உலோகத்தைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால் அவற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். இப்படி முடிவில் கிடைப்பதே தொழிற்சாலைக்கு ஏற்ற தூய உப்புக் கரைசலாகும்.

நான்காம் படி வகை பிரித்தல். கரைசலில் சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகிய மூன்றும் கலந்திருக்கக்கூடும். இவற்றைப் பிரிக்க இயற்கையே ஒரு வழி தந்துள்ளது. 100 கிராம் கொதிநீரில் சாதாரண உப்பு ஏறத்தாழ 39 கிராம் கரையும். நீர் ஆறி 20 பாகை வெப்பநிலைக்கு வந்த பின்னும் 36 கிராம் கரைந்தே இருக்கும். பொட்டாசியம் குளோரைடோ கொதிநீரில் 56 கிராம் கரைந்து, ஆறியபின் 34 கிராமாகக் குறைந்துவிடும். ஆகவே கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும்போது சாதாரண உப்பு முதலில் படியும். பின்பு ஆறவிட்டால் பொட்டாசியம் உப்பு பிரிந்து வரும். நன்றாகக் கரையும் கால்சியம் குளோரைடு கடைசி வரை கரைசலிலேயே நிற்கும்.

இவற்றுள் பொட்டாசியம் குளோரைடு நமக்குப் புதிய பொருளன்று. தோட்டங்களில் பால்மரத்திற்கும் செம்பனைக்கும் இடும் பொட்டாஷ் உரம் அதுவே. கனடா போன்ற தொலைநாடுகளில் சுரங்கத்திலிருந்து தோண்டியெடுத்துக் கப்பலில் வரும் அவ்வுரத்தின் ஒரு சிறு பங்கை நகரத்துச் சாம்பலிலிருந்தும் பெற இயலும் என்பது எண்ணத்தக்கது.

ஐரோப்பாவில் நடைபெறும் பணி

அங்கே சில ஆலைகளில் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சோடியம் பைகார்பனேட்டைத் தூவுகின்றனர். நம் வீட்டில் ஆப்பத்திற்கு இடும் சோடாவும் அதுவே. சூடான புகையில் பட்டவுடன் அது கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுச் சிறு துளைகள் நிறைந்த துகளாகிறது. அத்துளைகளில் அமிலம் எளிதில் புகுந்து சாதாரண உப்பாக மாறிவிடுகிறது. முதல் வடிகட்டியில் சாம்பலைப் பிடித்துவிட்டு, இரண்டாம் வடிகட்டிக்கு முன் சோடாவைத் தூவினால், சாம்பல் அதிகம் கலவாத உப்பு தனியே கிடைக்கும். தூய்மை செய்வதும் எளிதாகும்.

பெல்ஜியம் நாட்டின் எர்னெஸ்ட் சோல்வே 1860களில் உப்புநீர், அம்மோனியா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கொண்டு சோடா தயாரிக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். அவர் பெயரால் விளங்கும் நிறுவனத்தின் முறைப்படி, இத்தாலியின் ரோசிஞ்யானோவிலும் பிரான்சின் ரோசியேர்-ஓ-சலினிலும் புகைக்கழிவு உப்பைக் கரைத்துத் தூய்மையாக்கி, அக்கரைசலைச் சோடா ஆலைக்கே மூலப்பொருளாக அனுப்பும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. புகையைத் தூய்மை செய்யப் புறப்பட்ட சோடா உப்பாகத் திரும்பி வந்து, மீண்டும் சோடா செய்ய உதவுகிறது. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகருக்கு அண்மையிலுள்ள ஹெக்பிடோர்ப்பில், பறக்கும் சாம்பலைக் கழுவி மூவகை உப்பையும் தனித்தனியே எடுக்கும் ஆலை 2020களில் இயங்கத் தொடங்கியது.

திருப்பூர் தந்த பாடம்

உப்புநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் வேலை தமிழ்நாட்டிலும் நடைபெறுகிறது. அங்குப் புகையிலிருந்து அன்றி, சாயக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பெறுகின்றனர். திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற மிகுந்த உப்பு தேவைப்படுகிறது. வேலை முடிந்ததும் அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். பல ஆண்டுகளாக அந்நீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உழவர்களின் வயலும் கிணறும் கெட்டன. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

அதன்பின், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறவேண்டியதாயிற்று. அருள்புரம் நிலையத்தில் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிய உப்புக் கரைசல் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பப்பட்டது. அவ்வளவு நீரையும் காய்ச்சி உப்பைத் திடமாக எடுக்கும் எரிபொருள் செலவு இதனால் குறைந்தது. கரைசலைக் கரைசலாகவே பயன்படுத்துவது மலிவு என்னும் இப்பாடம் புகைக்கழிவு உப்புக்கும் பொருந்துவதாகும்.

செலவும் பயனும்

உண்மை நிலையையும் கூறுதல் வேண்டும். உப்பு மலிவான பொருள். கடல்நீரை வெயிலில் காய்ச்சினாலே கிடைப்பது. ஆகவே கழிவிலிருந்து எடுத்த உப்பை விற்ற பணத்தால் மட்டும் இத்தகைய ஆலையின் செலவு ஈடாகாது. கழுவுவதற்கு நீரும், வற்றவைப்பதற்கு வெப்பமும், பிரித்த நச்சு உலோகச் சேற்றைக் காப்பாகப் புதைப்பதற்கு இடமும் வேண்டும். கரைசலை வாங்கும் தொழிற்சாலை அருகில் இல்லையெனில் வண்டிச்சத்தமே உப்பின் விலையை விஞ்சிவிடும்.

ஆயினும் புதைநிலத்தின் மதிப்பைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. சிங்கப்பூர் அரசு 2019ஆம் ஆண்டில் கழிவில்லா நாட்டுக்கான பெருந்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள், ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்குச் செமாக்காவ் செல்லும் கழிவை 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. எரியாலைச் சாம்பலைக் கட்டுமானப் பொருளாக்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. மேலே கண்டவாறு, உப்பு நீங்கினால்தான் சாம்பல் கட்டடத்திற்கு உதவும். ஆகவே தூய உப்புக் கரைசலைப் பெறும் வேலை, சாம்பலை மீட்கும் வேலைக்கும் வழி திறப்பதாகும்.

தோட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவன சில உள. எரியாலையில் சுண்ணாம்பும் கரித்தூளும் துணிப்பையும் காவல் நிற்கின்றன. லயத்தின் பின்புறத்தில் நாம் மூட்டும் குப்பைத் தீக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. அங்கே பி.வி.சி. குழாயோ, மின்கம்பி உறையோ எரிந்தால், எழும் அமிலப்புகையைச் சுவாசிப்போர் அருகில் விளையாடும் நம் குழந்தைகளே ஆவர். ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக.

1. நெகிழிப் பொருள், பழைய குழாய், மின்கம்பி, டயர் ஆகியவற்றை எரிக்கலாகாது. கம்பியிலுள்ள செம்பை எடுப்பதற்காக உறையைக் கொளுத்துவது மிகவும் தீங்கானது.

2. களைக்கொல்லி, பூச்சிமருந்துக் கலங்களை எரிக்கவோ, தண்ணீர் எடுக்கப் பயன்படுத்தவோ கூடாது. அவற்றைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

3. தூய விறகுச் சாம்பலை மட்டுமே காய்கறிப் பாத்திக்கு இடலாம். நெகிழியும் வண்ணம் பூசிய பலகையும் எரிந்த சாம்பலில் ஈயம் முதலியன இருக்கக்கூடும், அதனை இடலாகாது.

4. மின்கலங்களைத் தனியே சேர்த்து வைத்து, அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

5. உணவுக் கழிவைக் குழியிலிட்டு மக்கச் செய்தால் எருவாகும். எரிக்க வேண்டியதும் இராது.

கலந்துவிட்ட உப்பையும் நஞ்சையும் பிரிப்பதற்கு நான்கு படிகளும், நுட்பமான கருவிகளும், பெரும் பொருளும் தேவைப்படுவதை மேலே கண்டோம். அவை கலவாமல் தடுப்பதற்கு, வீட்டு வாசலில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கூடைகள் வைத்தால் போதும். அவ்வேலையை இன்றே தொடங்கலாம்.